6,499 ரூபா ஹார்ட் செக்கப் பேக்கேஜ்: பிபி இருக்கிற ஆளு போனா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

ஆஸ்பத்திரி பேர் போடல, கேக்காதீங்க. மதுரையில இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்ளோதான். கீழ நான் எழுதுறது பாதி அந்த பேக்கேஜ் பத்தின ரிவ்யூ, மீதி அதுக்கப்புறம் நான் அலைஞ்ச அலைச்சல், ரெண்டையும் பிரிச்சு எழுத முடியல ஏன்னா பேக்கேஜ்ல என்ன குறைன்னு எனக்குத் தெரிஞ்சதே வெளிய வந்து வேற இடத்துல காட்டினப்புறம்தான்.

என் கதை என்னன்னா, வயசு 47, ஹார்ட்வேர் கடை வச்சிருக்கேன். பிபி இருக்குன்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சு. அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை. தலை கனமா இருந்தா போடுவேன், நல்லா இருந்தா விட்ருவேன், அதாவது நம்ம ஊர்ல முக்கால்வாசி பேரு பிபி மாத்திரை போடுற அதே லட்சணம். அப்பாவுக்கு 54 வயசுல மொத அட்டாக், 61-ல ரெண்டாவது, அதோட போய்ட்டாரு. இதெல்லாம் தெரிஞ்சும் நான் பாட்டுக்கு இருந்தேன். போன ஜனவரியில பக்கத்து கடைக்காரரு, என்னை விட ஒரு வயசு சின்னவரு, ஷட்டரை இறக்கிட்டு பைக் எடுக்கப் போனவரு அங்கேயே உக்காந்துட்டாரு. ஸ்டென்ட் வச்சு பொழைச்சுட்டாரு, ஆனா அன்னைக்கு ராத்திரி என் பொண்டாட்டி என்னைத் தூங்க விடல. மறுநாளே ஆன்லைன்ல இந்த பேக்கேஜ் புக் பண்ணியாச்சு.

காலையில 7 மணிக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. போனேன். லிஃப்ட் ரிப்பேர், மூணு மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு போய் நின்னா ஒரு பொண்ணு சேர்ல உக்கார வச்சு, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுத்தி, "சார் போன் நம்பர் சொல்லுங்க, இமெயில் ஐடி சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே பிபி எடுத்துச்சு. நான் ஐடி ஸ்பெல்லிங் சொல்லிட்டு இருக்கும்போதே மெஷின் கீச்சுன்னு சத்தம் போட்டு 168/102-ன்னு காட்டுச்சு. அந்த நம்பர்தான் கடைசி வரைக்கும் ஃபைல்ல மொத பக்கத்துல செவப்பு மையில இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

அப்புறம் ரத்தம் எடுத்தாங்க, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்), டிரெட்மில். இந்த விஷயத்துல குறையே சொல்ல முடியாது, ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு கூட்டிட்டு போக ஒரு ஆளே போட்ருக்காங்க, எங்கயும் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க வைக்கல, சுத்தமா இருக்கு, ஏசி, டாய்லெட் எல்லாம் பளிச். எக்கோ எடுத்த டெக்னீஷியன் நல்லா பொறுமையா எடுத்தாரு. டிரெட்மில்லதான் வினையே ஆரம்பிச்சுது. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏத்தமும் கூடிட்டே போகும், என் வயசுக்கு நாடித்துடிப்பு 147 தொடணும்னாங்க, 220-ல வயசைக் கழிச்சு அதுல 85 சதவீதமாம். நான் ஒம்பது நிமிஷம் பத்து செகண்டு ஓடினேன், நெஞ்சு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, கெண்டைக்கால்தான் பிடிச்சுது. ரிப்போர்ட்ல "லேசா பாசிட்டிவ்"னு வந்துச்சு, அதாவது அடைப்பு இருக்கலாம்னு ஒரு சந்தேகம்.

ஹார்ட் டாக்டர் கன்சல்டேஷன் பேக்கேஜ்லயே அடக்கம். நாலு நிமிஷம். போன்ல டைம் பாத்தேன், அதான் தெரியும். ஃபைலைத் திறந்தாரு, 168-ஐப் பாத்தாரு, டிரெட்மில் பேப்பரைப் பாத்தாரு, "ஆஞ்சியோ ஒண்ணு பண்ணிப் பாத்துருவோம் சார், அட்மிஷன் டெஸ்க்ல பேசிருங்க"ன்னாரு. ரத்தக்குழாய்ல டியூப் விட்டு அடைப்பு இருக்கான்னு பாக்குறதாச்சே, எனக்கு கை கால் ஓடல. எக்கோ எப்படி இருக்கு சார்னு கேட்டேன், "பம்பிங் நார்மல்"னாரு. அப்பா விஷயம் சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்ட்டாங்க. ஃபார்ம்ல "குடும்பத்தில் இதய நோய் உண்டா: ஆம்/இல்லை"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, டிக் அடிச்சுருந்தேன். எத்தனை வயசுலன்னு கேக்கவே இல்ல. 54-ல வர்றதும் 80-ல வர்றதும் ஒண்ணாய்யா?

கூட ஒரு டயட்டீஷியன். அவங்க ஒரு பிரிண்ட் அவுட் குடுத்தாங்க, ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில். நான் பரோட்டா சால்னா ஆளு. வீட்ல ப்ரோக்கோலியைப் பாத்தா எங்க அம்மா காலிஃப்ளவர் ஏன் அழுகிப் போச்சுன்னு கேக்கும். உப்பு எவ்ளோ சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்தை வரல. இதுல உச்சகட்டம் என்னன்னா வெறும் வயித்துல வந்ததுக்கு ஒரு டிபன் கூப்பன் குடுத்தாங்க, கேன்டீன்ல போனா நெய் மிதக்குற பொங்கல், ரெண்டு உளுந்த வடை. டேஸ்ட் அருமை, அதுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு.

அட்மிஷன் டெஸ்க்ல பேசல. வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் எங்க தெருக்கோடி டாக்டர்கிட்ட போனேன், எம்டி ஜெனரல் மெடிசின், வயசு எழுபது இருக்கும், கன்சல்டிங் 300 ரூபா, மர பெஞ்சு, ஓடாத டிவி. ஃபைலை வாங்கி ஓரமா வச்சுட்டாரு. பாக்கவே இல்ல. "மொதல்ல நீ ஒண்ணுக்கு போய்ட்டு வந்து அந்த சேர்ல சாஞ்சு உக்காரு"ன்னாரு. அஞ்சு நிமிஷம். காலைத் தொங்கப் போடாதே, ஒண்ணு மேல ஒண்ணு போடாதே, பாதம் தரையில படணும், பேசாதே. சட்டைக் கையைக் கழட்டச் சொல்லி, கையை மேஜை மேல நெஞ்சு உயரத்துக்கு வச்சு, ரெண்டு கையிலயும் எடுத்தாரு. என் கை குண்டு, அதுக்குன்னு பெரிய பட்டை எடுத்து மாட்டுனாரு, சின்ன பட்டையை குண்டு கையில மாட்டினா பிபி கூடுதலா காட்டுமாம். வலது கையில 148/92. இடதுல 142. ரெண்டு கைக்கும் பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா அதுவே ரத்தக்குழாய் சரியில்லன்னு ஒரு அறிகுறி, உனக்கு பரவால்லன்னாரு. நேத்து 168, இன்னைக்கு 148. இடையில நான் மாத்திரை கூட போடல.

"168-ங்கிறது உன் பிபி இல்லப்பா, அந்த மாடிப்படியோட பிபி"ன்னாரு. ஆனா சந்தோஷப்படாதே, 148-உம் நல்லதில்லன்னு அடுத்த வரியிலயே சொல்லிட்டாரு.

அப்புறம்தான் கேள்வி ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு எத்தனை வயசுல, அம்மா பக்கம் யாருக்கும் உண்டா, ஆம்பளைக்கு 55-க்கு முன்னாடி பொம்பளைக்கு 65-க்கு முன்னாடி வந்திருந்தாத்தான் கணக்குல சேரும், உங்க அப்பா ஒரு வருஷத்துல மாட்டிக்கிட்டாருன்னாரு. பீடி சிகரெட், வாயில போடுற புகையிலை. குறட்டை விடுவியான்னு கேட்டாரு, நான் இல்லன்னேன், பொண்டாட்டி "ஏங்க, ஃபேன் சத்தத்தை விட ஜாஸ்தி டாக்டர்"னுட்டா. ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றதும் பிபிய ஏத்துமாம், அதுக்கு ஒரு தூக்க டெஸ்ட் பின்னாடி பாப்போம்னாரு. ஊறுகா, அப்பளம், கருவாடு, மோர்ல உப்பு, ஒவ்வொண்ணா கேட்டாரு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது தலைதட்டின ஒரு டீஸ்பூன், உன் கணக்கு மத்தியானத்துக்குள்ளயே முடிஞ்சிருதுன்னாரு. டேப் எடுத்து தொப்புள் பக்கம் அளந்தாரு, 102 சென்டிமீட்டர். நம்ம ஆளுங்களுக்கு ஆம்பளைன்னா 90, பொம்பளைன்னா 80, அதுக்கு மேல போனா வயித்துக் கொழுப்பு ஆபத்து. 6,499 ரூபாய்க்கு ஒருத்தரும் என் இடுப்பை அளக்கல, டெய்லர் தவிர வேற யாரும் அளந்ததே இல்ல.

வீட்ல பிபி பாக்கச் சொன்னாரு. இதுக்கு ஒரு குட்டி ரிவ்யூ தனியா. மொதல்ல மணிக்கட்டுல கட்டுற மெஷின் ஒண்ணு ஆஃபர்ல வாங்கினேன், 1,100 ரூபா தண்டம், கையை அரை இன்ச் இறக்கினா ஒரு நம்பர் ஏத்தினா ஒரு நம்பர். அப்புறம் மேல் கையில கட்டுறது 2,300-க்கு வாங்கினேன், அதோட வர்ற பட்டை 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான், என் கை 34. பெரிய பட்டை தனியா 900 ரூபா, இதை பாக்ஸ்ல எங்கயோ பொடி எழுத்துல போட்ருக்கான். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இன்ச் டேப் எடுத்து தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தி அளந்துக்கோங்க. ஸ்ட்ரைட் பிபின்னு ஒரு வெப்சைட் இருக்கு, எந்த எந்த மாடல் முறையா டெஸ்ட் பண்ணினதுன்னு லிஸ்ட் போட்ருக்காங்க, அதுல இருக்கிறதா பாத்து வாங்குங்க, ஸ்டார் ரேட்டிங்க நம்பாதீங்க, "டெலிவரி பாய் நல்லவர்"னு அஞ்சு ஸ்டார் போடுற ஊரு இது. ஏழு நாள், காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை, மொத நாளைத் தூக்கிப் போட்டுட்டு மீதி 24 நம்பரையும் கூட்டி சராசரி. வீட்ல எடுக்குறதுக்கு கோடு 135/85. எனக்கு 146/91. இந்த 24 நம்பர் நோட்டுதான் எல்லா ரிப்போர்ட்டையும் விட டாக்டர் ரொம்ப நேரம் பாத்த பேப்பர். சில பேருக்கு ஆஸ்பத்திரியில ஏறும் வீட்ல நார்மலா இருக்கும், சில பேருக்கு தலைகீழா, டாக்டர் முன்னாடி சமத்தா இருந்துட்டு வீட்ல ஏறும், ரெண்டாவது வகைதான் மோசம், ஏன்னா யாருக்கும் தெரியாமலே ஓடிட்டு இருக்கும்னாரு.

இந்த ஏழு நாள் கேப்புல நான் சும்மா இருப்பேனா. ஹார்ட் அட்டாக் வர்ற சான்ஸ் எவ்ளோன்னு கணக்குப் போடுற கால்குலேட்டர் எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு என் நம்பரைப் போட்டுப் பாத்தேன். எல்லாம் ஃப்ரீ. இதுவும் ஒரு சர்வீஸ்தானே, ரிவ்யூ பண்ணிருவோம். என் நம்பர்: மொத்த கொலஸ்ட்ரால் 212, நல்ல கொலஸ்ட்ரால் 36, மேல் பிபி 146, மாத்திரை சாப்பிடுறேன், சுகர் இல்ல ஆனா மூணு மாச சராசரி 5.9, அதாவது வாசல்ல நிக்குது, சிகரெட் இல்ல.

மொதல்ல அமெரிக்காக்காரன் 2013-ல விட்டது. அதுல இனம்னு ஒரு கேள்வி, வெள்ளை, கறுப்பு, மத்தவங்க. இந்தியன்னு ஆப்ஷனே கிடையாது, மத்தவங்கன்னு போட்டா வெள்ளைக்காரன் கணக்கையே போட்டுத் தருது. எனக்கு வந்தது பத்து வருஷத்துக்கு 6 சதவீதம். நூறு பேரு என்னை மாதிரி இருந்தா ஆறு பேருக்கு அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ வரும்னு அர்த்தம், பரவால்லையேன்னு தோணுச்சு. அப்புறம் பாத்தா அவங்களே கைட்லைன்ல தெற்காசியாக்காரனா இருந்தா அதையே ஒரு கூடுதல் ஆபத்தா சேத்துக்கோங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்களே 2023-ல புதுசா பிரிவென்ட்னு ஒண்ணு விட்ருக்காங்க, இனம் கேள்வியைத் தூக்கிட்டாங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு கேக்குது, ஹார்ட் ஃபெயிலியர் சான்ஸையும் தனியா காட்டுது, 60 வயசுக்குள்ள இருந்தா 30 வருஷக் கணக்கும் தருது. பத்து வருஷ நம்பர் பழசை விட குறைவாத்தான் வந்துச்சு. அந்த 30 வருஷக் கணக்கைப் பாத்தப்பத்தான் லைட்டா வயித்தைக் கலக்குச்சு.

எனக்குப் பிடிச்சது இங்கிலாந்துக்காரன் போட்ட க்யூரிஸ்க் 3, இது 2017-ல வந்தது. இதுல இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷின்னு தனித்தனியா ஆப்ஷன் இருக்கு, ஏன்னா அங்க நம்மாளுங்க அவ்ளோ பேரு இருக்காங்க. அப்பாவுக்கு 60-க்கு முன்னாடி வந்துச்சான்னு கேக்குது, ஒற்றைத் தலைவலி, முடக்குவாதம், ஸ்டீராய்டு மாத்திரை வரைக்கும் கேக்குது. கொலஸ்ட்ராலை விகிதமா கேக்குறதால யூனிட் தொல்லை இல்ல, 212-ஐ 36-ஆல வகுத்து 5.9-ன்னு போட்டுக்கலாம். அஞ்சல் குறியீடு கேக்கும், காலியா விட்டுடுங்க. இதுல எனக்கு 10-ஐத் தாண்டிருச்சு, அந்த ஊர்ல 10-க்கு மேல போனா கொலஸ்ட்ரால் மாத்திரை பத்தி பேச ஆரம்பிச்சுருவாங்க. ஒரே ஆளு, ஒரே ரத்தம், ஒருத்தன் 6-ங்குறான் ஒருத்தன் 10-க்கு மேலங்குறான்.

உலக சுகாதார நிறுவனத்தோடது கால்குலேட்டர் இல்ல, கலர் கலரா கட்டம் போட்ட சார்ட், 2019-ல புதுசாக்குனது, தெற்காசியாவுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. பச்சைன்னா 5 சதவீதத்துக்குக் கீழ, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, 20-க்கு மேல செவப்பு, 30-க்கு மேல கருஞ்செவப்பு. ரத்த டெஸ்ட் வசதி இல்லாத இடத்துக்குன்னு வயசு, சிகரெட், பிபி, உயரம் எடை மட்டும் வச்சுப் பாக்குற சார்ட்டும் இருக்கு, அது நல்ல யோசனை. ஆனா குடும்பக் கதையையும் கிட்னியையும் அது கேக்காது. எனக்கு செவப்பு வரல.

இந்த கால்குலேட்டர் வம்சத்துக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு சின்ன ஊரு, 1948-ல 5,209 பேரை எடுத்து வருஷக் கணக்கா பின்னாடியே போய் யாருக்கு வருது யாருக்கு வரலன்னு பாத்தது. அதுக்கு முன்னாடியெல்லாம் வயசானா பிபி ஏறுறது சகஜம்னு விட்ருவாங்க. அவங்க பிரசிடென்ட் ரூஸ்வெல்ட்டே 1945-ல மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தப்ப பிபி 300/190 இருந்துச்சாம், உலகப்போரை நடத்துன ஆளுக்கே அந்த கதி. அந்த ஊர்ல இருந்த ஜனம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, அந்தக் கணக்கை அப்படியே நம்ம மேல போட்டா தப்பும் தவறுமா வரும். கேரளாவுல பொறந்த ஹார்ட் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில 52 நாட்டுல பண்ணின ஆராய்ச்சி 2004-ல வந்துச்சு, அதுல தெற்காசியாக்காரங்களுக்கு மத்தவங்களை விட அஞ்சாறு வருஷம் முன்னாடியே மொத அட்டாக் வருதுன்னு தெரிஞ்சுது. பக்கத்து கடைக்காரரு ஞாபகம் வந்துச்சு.

இந்த நம்பரையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போய் டாக்டர்கிட்ட நீட்டினேன். சிரிச்சாரு. "47 வயசுல பத்து வருஷக் கணக்கு போட்டா யாருக்குமே நல்லாத்தான் வரும், இதே நம்பரோட உனக்கு 67 ஆனா தன்னால ஏறிக்கும், இதுல வயசுதான் ராஜா"ன்னாரு. அப்புறம் சொன்னதுதான் எனக்கு உறைச்சது. இந்தக் கணக்கெல்லாம் இனிமே வரப்போறதைத்தான் ஜோசியம் சொல்லும், மூணு வருஷமா ஒழுங்கா மாத்திரை போடாம இருந்ததுல ஏற்கனவே உள்ள என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது, அதை இதயத்துலயும் கிட்னியிலயும் கண்ணுலயும் போய்த்தான் பாக்கணும்னாரு. பாத்தா பேக்கேஜ்ல யூரின் ஆல்புமின் டெஸ்டே இல்ல, அதாவது கிட்னி வழியா யூரின்ல புரதம் கசியுதான்னு பாக்குறது.

என் மச்சினன் லேப் டெக்னீஷியன். அவன்கிட்ட கேட்டேன், "மாமா, 450 ரூபா டெஸ்ட், காலையில மொத யூரின் கொஞ்சம் குடுத்தா போதும், கிட்னியில ஓட்டை விழ ஆரம்பிச்சா ரத்தத்துல கிரியாட்டினின், அதான் கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, அது ஏறுறதுக்கு வருஷக் கணக்கா முன்னாடியே இதுல தெரியும்"னான். என் கிரியாட்டினின் 1.0, சூப்பர் நார்மல்னு பேக்கேஜ் ரிப்போர்ட்ல பச்சை கலர்ல இருந்துச்சு. யூரின் ஆல்புமின் விகிதம் 30-க்குள்ள இருக்கணும். எனக்கு 72. காய்ச்சல் இருந்தாலோ முந்தின நாள் ரொம்ப ஓடியாடினாலோ ஏறி வரும், ஒரு தடவை வந்ததை வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னாரு. மறுபடி எடுத்தேன். 68.

இப்ப அடுத்தது, இதுதான் எனக்கு ரொம்ப கோவம் வந்த இடம். டாக்டர் அப்பத்தான் அந்த பேக்கேஜ் ஃபைலைத் திறந்து எக்கோ ரிப்போர்ட்டை வரி வரியா படிச்சாரு. ரெண்டாவது பக்கத்துல இதயத்தோட இடது கீழ் அறைச் சுவரு 11 மில்லிமீட்டர், லேசா தடிச்சிருக்குன்னு தெளிவா டைப் பண்ணி இருக்கு. கர்லாக்கட்டை சுத்தினா புஜம் தடிக்கிற மாதிரி, ஏறின பிபிய எதிர்த்து எதிர்த்து தள்ளி சுவரு தடிச்சுப் போகும், புஜம் தடிச்சா அழகு, இது தடிச்சா அழகில்லன்னாரு. அந்த டெக்னீஷியன் பொறுமையா அளந்து எழுதின விஷயம், ஹார்ட் டாக்டர் வாயிலருந்து வரவே இல்ல, "பம்பிங் நார்மல்"னு முடிச்சுட்டாரு. ஆக பேக்கேஜ்ல சரக்கு இருக்கு, எடுத்துப் படிச்சுச் சொல்லத்தான் ஆளு இல்ல. 6,499-க்கு எல்லாம் சேர்த்து எடுத்துக் குடுத்துட்டாங்க, கூட்டிப் பாத்து விடை சொல்றதை விட்டுட்டாங்க.

சுவரும் தடிச்சாச்சு, கிட்னியும் கசியுது, அப்போ 6 சதவீதமா 10 சதவீதமான்னு பேசிட்டு இருக்கவே வேண்டாம், நீ நேரா மேல் வகுப்புக்குப் போய்ட்டேன்னாரு டாக்டர். உறுப்புல சேதாரம் தெரிஞ்சா கால்குலேட்டர் என்ன சொன்னாலும் ஆபத்து ஜாஸ்தின்னு எடுத்துக்கணுமாம். கண் டாக்டர்கிட்டயும் அனுப்பி விழித்திரை பாக்கச் சொன்னாரு, அது நல்லா இருந்துச்சு, ஒண்ணாவது நல்லா இருந்துச்சேன்னு அன்னைக்கு பஜ்ஜி வாங்கித் தின்னேன்.

ஆஞ்சியோ விஷயம்? அதை ஜெனரல் டாக்டரே முடிவு பண்ணல, வேற ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்து அனுப்பினாரு. அவரு டிரெட்மில் பேப்பரை நீட்டி வச்சு அஞ்சு நிமிஷம் பாத்தாரு. ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஓடிருக்கீங்க, நெஞ்சு வலி இல்ல, ஈசிஜியில கோடு மாறினதும் ஓட்டத்தை நிறுத்தின உடனே சரியாயிருக்கு, சுவரு தடிச்சவங்களுக்கு இந்த டெஸ்ட் இப்படி ஏமாத்தும், எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுக்கு டிரெட்மில் பண்ணினா பொய்யா பாசிட்டிவ் வர்றது சாதாரணம்னாரு. ஆஞ்சியோ இப்ப வேண்டாம்னாரு. கால்சியம் ஸ்கோர்னு ஒரு சிடி ஸ்கேன் இருக்காமே சார்னு கேட்டேன், கூகுள் பண்ணிட்டுத்தான போனேன். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்கிறதா வேண்டாமான்னு இழுபறியா இருக்கிறவங்களுக்கு அது உதவும், ஜீரோன்னு வந்தா நிம்மதியா தள்ளிப் போடலாம், உங்களுக்கு ஆரம்பிக்கிறது முடிவாயிருச்சு, எதுக்கு வீணா கதிர்வீச்சுன்னு கேட்டாரு. காசு வர்ற டெஸ்ட்டை வேண்டாம்னு சொன்ன டாக்டரை அன்னைக்குத்தான் பாத்தேன். லிப்போபுரோட்டீன் (a)-ன்னு ரத்தத்துல ஒரு கொழுப்பு, பரம்பரையா வர்றது, ஆயுசுல ஒரு தடவை பாத்தா போதும்னு சொல்லி அதை மட்டும் எடுக்கச் சொன்னாரு, நார்மல்.

இதைப் படிச்சுட்டு யாராவது டிரெட்மில் பாசிட்டிவ்னா பயப்பட வேணாம்னு நினைச்சுக்காதீங்க, அது என் பேப்பர், என் உடம்பு. நடந்தா நெஞ்சு இறுக்குதுன்னா கதையே வேற. வலி வந்து நிக்கலன்னா பேக்கேஜும் வேண்டாம் கால்குலேட்டரும் வேண்டாம், 108-தான்.

நடுவுல ஒரு விஷயம், எங்க அம்மா மேலூர் பக்கம் கிராமத்துல இருக்கு, அதுக்கும் பிபி. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல மாத்திரை வீட்டுக்கே வருது, வர்ற பொண்ணு திண்ணையில உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, நிதானமா பிபி பாத்து நோட்டுல எழுதி வச்சுட்டுப் போகுது. அந்த நோட்டைப் புரட்டினேன், ரெண்டு வருஷ நம்பரு வரிசையா இருக்கு, மாத்திரை ஒரு நாள் விட்டதில்லயாம். "அவ வந்து டப்பாவ எண்ணிப் பாப்பாடா"ங்குது அம்மா. 68 வயசு, ஏழாங்கிளாஸ், என்னை விட பிபி கன்ட்ரோல். யூரின் ஆல்புமின் மட்டும் நான் மச்சினன் லேப்ல எடுத்துக் குடுத்தேன், 30-க்குள்ளதான் வந்துச்சு.

எனக்கு மருந்தை மாத்தி டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேந்த ஒரே மாத்திரை, கிட்னிக் கசிவுக்கும் சேர்த்து கேக்கும்னு. கூட ராத்திரி ஒரு ஸ்டாட்டின், அதான் அந்த கொலஸ்ட்ரால் மாத்திரை. ரெண்டு வாரத்துல பொட்டாசியமும் கிரியாட்டினினும் பாக்கணும்னு சொன்னாரு, பாத்தேன், ஓகே. மூணு மாசம் கழிச்சு வீட்டு சராசரி 127/79, யூரின் 31. மேல் பிபி ஒவ்வொரு 20 ஏறும்போதும் இதயம், ஸ்ட்ரோக்ல சாகுற சான்ஸ் ரெண்டு மடங்கா ஆகுதுன்னு பத்து லட்சம் பேரை வச்சுப் பாத்த கணக்கு ஒண்ணு 2002-ல வந்துச்சு, 40-லருந்து 69 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு. நான் ஒரு 19 இறக்கிருக்கேன், கிட்டத்தட்ட ஒரு படி. பரோட்டா மாசத்துக்கு ரெண்டு தடவை, பேரம் பேசி வாங்கினது.

சரி ரேட்டிங். பேக்கேஜுக்கு அஞ்சுக்கு ரெண்டரை. எக்கோவுக்கு ஒண்ணு, கூட்டிட்டுப் போற ஆளுக்கு அரை, பொங்கலுக்கு ஒண்ணு. பிபி எடுத்த லட்சணத்துக்கும் நாலு நிமிஷ டாக்டருக்கும் சைபர். உங்களுக்கு பிபி இருந்து பேக்கேஜ் போகத்தான் போறீங்கன்னா லிஸ்ட்டை முன்னாடியே வாங்கி யூரின் ஆல்புமின் இருக்கா பாருங்க, இல்லன்னா வெளிய எடுங்க, ஏழு நாள் வீட்டு நோட்டோட போங்க, எக்கோ ரிப்போர்ட்ல சுவரு அளவைக் கேட்டு வாங்குங்க. தெருக்கோடி டாக்டருக்கு அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் அந்த டிவிக்காக பிடிச்சுக்கிட்டேன், ரிப்பேர் பண்ணித் தர்றேன்னா வேண்டாம்ங்குறாரு, சத்தம் இருந்தா பிபி ஏறுமாம்.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரியிலருந்து போன். "சார், உங்க ஹார்ட் பேக்கேஜ் ஆனுவல் ரினியூவல், 20 பர்சன்ட் டிஸ்கவுன்ட்". யூரின் ஆல்புமின் அதுல இருக்காம்மான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "அது பிளாட்டினம் பேக்கேஜ்ல வருது சார், 14,999".